அசல் கடைக்கு வழி

சங்கரன்கோவில் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்களில் பாதிப் பேர் கோமதியம்மனைச் சொல்வார்கள், மீதிப் பேர் சுல்தான் பிரியாணியைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் நடுவில் குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கட்ட, அம்பாள் ஒற்றைக்காலில் தபசு நின்று, இருவரும் ஒருவரே என்று சங்கரநாராயணராகக் காட்சி வாங்கிக் கொடுத்த தலம் இது. வலப்பாதி சிவன், இடப்பாதி பெருமாள். சாமி விஷயத்திலேயே பாதிக்குப் பாதி என்று ராசியாகிவிட்ட ஊர், பிரியாணி என்று வந்துவிட்டால் ஒரு பருக்கைகூட விட்டுக்கொடுக்காது. எது அசல் கடை, எது நேற்று முளைத்த கடை, எந்த மாஸ்டர் யாரிடம் தொழில் கற்றார், எந்தக் கடையில் கைப்பக்குவம் போய்விட்டது என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும்.

ஆனால் இந்த 'அசல்' பேச்சு புதுசு. நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளின் கடைசியில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அசலா நகலா என்று பார்க்க இரண்டு கடையாவது வேண்டுமே.

அப்பா விசைத்தறி முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதினார். ஓட்டல் சாப்பாடு எங்கள் வீட்டில் காய்ச்சல், பேதி வரிசையில் சேர்ந்தது. "கடைச்சோறு திங்கவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்பாள் ஆச்சி. அவளுடைய கடைக்குட்டி, என் சித்தப்பா, பெண் எடுத்த பிறகும் கடைச்சோறுதான் தின்றார். தறிக்கூலி கைக்கு வந்த சனிக்கிழமைக்கு மறுநாள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, "பயலைக் கூட்டிக்கிட்டு அப்படியே கோயில் பக்கம் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவார். கோயில் பக்கம் என்பது பொய்யில்லை. எங்கள் ஊரில் எங்கே போனாலும் கோயில் பக்கந்தான்.

நாங்கள் போகிற கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாய் கடை, அவ்வளவுதான். தெருவிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும். உள்ளே இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகியதும் முதலில் தெரிவது மூலையில் இருக்கிற தேக்சா. வாயைச் சுற்றி மைதா மாவு ஒட்டி, மூடிமேல் கங்கு பரப்பி, பிள்ளை பெற்ற வீட்டைப்போல யாரும் கிட்டப் போகக் கூடாது என்று வைத்திருப்பார்கள். பன்னிரண்டே கால் சுமாருக்குப் பண்டாரி வருவார். கங்கைத் தள்ளி, காய்ந்த மாவைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்து, மூடியைத் தன் பக்கம் சாய்க்காமல் சுவர்ப் பக்கம் சாய்த்துத் திறப்பார். அந்த ஆவி சுவரில் போய் முட்டித் திரும்பி எங்களிடம் வரும். பேசிக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரம் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் கரண்டியால் கிளற மாட்டார். ஓரத்தில் தட்டை இறக்கி, அடியிலிருந்து மேல்வரை செங்குத்தாக ஒரு வெட்டு எடுத்து இலையில் வைப்பார். சீரகச் சம்பா ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும். கறித்துண்டு எங்கே இருக்கிறது என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். தோண்டுகிற வேலையைச் சித்தப்பா நிதானமாகச் செய்வார்.

அவருக்கு ஒரு பிளேட். எனக்குக் குஸ்கா. அதாவது கறியில்லாத வெறும் பிரியாணிச் சோறு. காசு அவ்வளவுதான். ஆனால் பண்டாரி குஸ்காவிலும் ஒரு நெஞ்செலும்பை, தவறி விழுந்ததுபோலப் போட்டுவிடுவார். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசினால் அடுத்த வாரம் விழாது.

மெனு கார்டு இல்லை, விலைப்பட்டியல் இல்லை. ஒன்றரை மணிக்குத் தேக்சாவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம் வருகிறவர்களுக்குக் கல்லாவிலிருந்தே "தீந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்று பதில். ஏன் இன்னொரு தேக்சா போடக் கூடாது என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். கல்லாவில் இருந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போட்டா நான் எப்ப சாப்புடுதது?" என்றார்.

சித்தப்பாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கடை பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த இலக்கணம் அதுதான். "கல்லாவுல இருக்கவன் மத்தியானச் சோத்தை எங்க திங்கான்னு பாருலே. அவன் தன் கடையிலயே தின்னா நீயும் போ. வீட்டுலேருந்து தூக்குச்சட்டி வந்துச்சுன்னா அடுத்த கடையைப் பாரு."

ஆட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் வட்டாரத்துக் கரிசல் காட்டில் கன்னி ஆடு என்று ஒரு இனம் உண்டு. உயர்ந்த கால், கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அது பால்கன்னி. கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் பக்கங்களில் அறுவடை முடிந்த நிலத்தில் தட்டையும் கருவேலங்காயும் மேய்ந்து திரியும். இறைச்சியில் ருசி என்று ஒன்று இருந்தால் அது மசாலாவில் இல்லை, அந்த ஆடு நடந்த நடையில் இருக்கிறது என்பது சித்தப்பா கட்சி. காலையில் கடைக்குப் பின்னால் போய், தொங்குகிற தோலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த மனிதர் அவர். பாரம்பரியம், நாட்டு இனம் என்ற சொல்லெல்லாம் அவர் வாயில் வந்ததே இல்லை. "ஆடு நல்லாருக்கு" என்பார். அதற்குமேல் விமரிசனம் கிடையாது.

ஜப்பானைப் பற்றி அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எம்.ஜி.ஆர். காட்டியதுதான். 1973-ல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் ஒசாகாவின் எக்ஸ்போ 70 கண்காட்சியைக் காட்டியிருந்தார்கள். கட்டடங்களைப் பார்த்தோம், பொண்ணுகளைப் பார்த்தோம். அந்த ஊரில் மத்தியானம் என்ன சாப்பிடுவார்கள் என்று படம் முடிகிறவரை யாரும் சொல்லவில்லை. அப்புறம் 1985-ல் கமல்ஹாசனும் 'ஜப்பானில் கல்யாணராமன்' என்று போய்வந்தார். அவரும் சொல்லவில்லை.

இனி இப்போதைய கதை.

சென்னையில் ஒரு சர்க்கார் ஆபீசில் பேனா தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பி வந்தேன். நான் போகும்போது மீட்டர்கேஜ். இப்போது அகலப்பாதை, 2004-லிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். திருநெல்வேலி மாவட்டமாக இருந்த ஊர் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டமாகிவிட்டது. இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பலகைகள்தான் மலைக்க வைத்தன. அன்று பலகையே இல்லாத கடை. இன்று கடையைவிடப் பலகை பெரிசு. ஒரிஜினல், பாரம்பரியம், விறகடுப்பு, கைப்பக்குவம், எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை. கடைசியாகச் சொன்ன வாசகத்தை அடுத்தடுத்த ஊர்களில் ஒரே பெயரில் பார்க்கலாம்.

பெயருக்கு விலை வந்துவிட்டது, அதுதான் காரணம். திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' என்று ஆரம்பித்தார். கடைக்கு அவர் வைத்த பெயரை ஜனங்கள் மறந்துவிட்டு, அவர் தலையில் கட்டிய தலைப்பாகையை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அந்தத் தலைப்பாகைப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று கோர்ட்டு வரை போயிற்று. எங்கள் பக்கத்திலும் வரிசையாகச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல். எங்கள் பிரியாணிக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று டீக்கடையில் பேச்சு அடிபடும். எந்தக் கடைப் பிரியாணிக்கு என்று யாராவது கேட்பார்கள். பேச்சு அத்தோடு முடியும்.

சீசன் ஆரம்பித்துவிட்டால் ஊர் எங்கள் ஊர் இல்லை. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள், அருவியில் நின்று பசியோடு திரும்புகிற வேன்கள். வெளியூர்க்காரர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடைக்கு நடந்து வருகிறார்கள். உள்ளே ஒரு பையன் குச்சியில் கேமராவைக் கட்டிக்கொண்டு, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறான். சரியாக வரவில்லையென்றால் இன்னொரு கவளம் எடுத்து மறுபடி மூடி ஆட்டுகிறான். உள்ளூர்க்காரன் வாசலில் நிற்கிறான். அரிசி சில இடங்களில் பாசுமதிக்கு மாறியிருக்கிறது. ஆடு வெளி மாநிலத்திலிருந்து லாரியில் வருகிறது. நடந்த நடைக்கு ருசி என்றால் லாரியில் வந்ததற்கு என்ன என்று கேட்கச் சித்தப்பா இல்லை.

சாயங்காலம் ஆனால் தள்ளுவண்டிகள். சிக்கன் ரைஸ், நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், ஷவர்மா, மந்தி. மஞ்சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 வாக்கில் பம்பாயில் நெல்சன் வாங் என்கிற சமையல்காரர் ஆக்கிய பண்டம் என்கிறார்கள். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சங்கரன்கோவிலில் ஒடிசாக்காரத் தம்பி போட, எங்கள் தெரு ஆச்சிகள் மாலை முடிந்து விளக்கேற்றியதும் பேரனை விட்டு வாங்கிவரச் சொல்கிறார்கள். கடைச்சோற்றுக்குப் பெண் கொடுக்க மறுத்த வம்சம்!

அந்த வண்டிகளில் ஒன்றில் புதிதாக ஒரு அட்டை தொங்குகிறது: 'அஜினோமோட்டோ சேர்க்கப்படுவதில்லை.' எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தம். 1908-ல் தோக்கியோ பல்கலைக்கழகத்து இரசாயனப் பேராசிரியர் கிக்குனாயே இக்கேதா, தன் வீட்டு சூப்பில் போடுகிற கொம்பு என்ற கடல்பாசியில் அப்படி என்னதான் ருசி இருக்கிறது என்று காய்ச்சிப் பிரித்தெடுத்தார். மறு வருஷமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சமையலுக்குள் பெயரும் பிறப்பும் மாறாமல் வந்து சேர்ந்த ஒரே ஜப்பான்காரர் அவர்தான். அட்டை எழுதித் தொங்கவிட்டு அவரைத்தான் விரட்டுகிறார்கள். சீனச் சாப்பாட்டை அசலாக்குவதற்காம்.

அசல் ஜப்பான் சாப்பாட்டை நான் பார்த்தது அமெரிக்காவில். மகன் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் இருக்கிறான். ஒன்பது லட்சம் ஜனம் இருக்கிற ஊர். அவர்கள் கணக்கில் அது நடுத்தர ஊர். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கூகுளைத் திறக்கிறார்கள். இங்கே போய் மீன் தின்கிற தேசத்துச் சாப்பாடா என்று எனக்குச் சந்தேகம்.

"இருக்குப்பா. நாலு நல்ல கடை இருக்கு, நாப்பது டூப்ளிகேட்டும் இருக்கு. கண்டுபிடிக்கணும்" என்றான்.

முதலில் டூப்ளிகேட்டுக்குத்தான் போனோம். பேரப்பிள்ளைகளின் பிடிவாதம். பெரிய இரும்புக்கல்லைச் சுற்றி நாங்கள் உட்கார, நடுவில் தொப்பி வைத்த மாஸ்டர் நிற்கிறார். இரண்டு தகட்டுக் கரண்டியால் தாளம் போடுகிறார், முட்டையைத் தூக்கிப்போட்டுக் கரண்டி முனையில் உடைக்கிறார், வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி உள்ளே எண்ணெய் ஊற்றித் தீ வைக்கிறார். நம் ஊரில் கொத்துப் பரோட்டா போடுகிறவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்து, கைதட்ட ஆள் வைத்ததுபோல இருந்தது. இந்தக் கூத்தை அமெரிக்காவில் பிரபலப்படுத்தியவர் ராக்கி அவோக்கி என்ற ஜப்பானிய மல்யுத்த வீரர். 1964-ல் நியூயார்க்கில் பெனிஹானா என்ற கடையைத் திறந்தார். ஆக, போலி என்றாலும் அறுபது வருஷத்துப் போலி. எங்கள் ஊரில் அறுபது வருஷம் தாங்கினால் அதற்குப் பெயர் பாரம்பரியம். எனக்கென்னவோ அந்தக் கடை பிடித்துத்தான் இருந்தது. மகன் முகத்தைப் பார்த்து அதை வெளியே சொல்லவில்லை.

அப்புறம்தான் அசல். கொலம்பஸுக்கு வடமேற்கே மேரிஸ்வில் என்ற சின்ன ஊரில் ஹோண்டா கம்பெனி 1979-ல் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது, 1982-ல் கார். ஜப்பானிலிருந்து என்ஜினியர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று கம்பெனி அனுப்பி வந்தவர்கள். சுற்றிலும் ரொட்டியும் மாட்டிறைச்சியும். ஏங்கிப் போய்விட்டார்கள். அந்த ஏக்கத்துக்காகத்தான் மளிகைக்கடை வந்தது, ரொட்டிக்கடை வந்தது, சாப்பாட்டுக்கடை வந்தது. கென்னி சென்டர் என்கிற சாதாரணக் கடைவரிசையில் டென்சுகே மார்க்கெட்டும் அதைச் சேர்ந்தவையும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சுப நாளில் கூட்டமில்லாத ஜவுளிக்கடை அளவுக்குக்கூடக் கவர்ச்சி இல்லை. டிராகன் படம் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, கரண்டித் தாளம் இல்லை. சாயங்கால ஷிப்ட் முடிந்த ஆட்கள் தனித்தனியாக உட்கார்ந்து, பேசாமல், தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மகன் கம்பெனியில் ஒரு ஜப்பானியர் கடை பார்க்கிற வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாத்தோ கிடைக்குமா என்று கேட்க வேண்டுமாம். நாத்தோ என்பது சோயாவை ஊறவைத்து வேகவைத்துப் புளிக்க விட்டது. குச்சியில் எடுத்தால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். வாடையைப் பற்றி நான் எழுதவில்லை. வெளியாள் எவனும் ஆசைப்பட்டு அதைக் கேட்க மாட்டான். ஆகவே அது அடுக்களையில் இருந்தால், அந்தக் கடை தன் ஆட்களுக்காக நடக்கிறது என்று அர்த்தம்.

எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. இந்த வழியும் அவர் வழியும் ஒரே ரகம். எங்கள் ஊரில் வெளியூர் வேன் எதுவும் ரத்தப்பொரியலுக்காகவோ குடல் கறிக்காகவோ நிற்பதில்லை. பிரியாணி போர்டுக்குப் பின்னால், காலை ஒன்பது மணிக்கு, இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றுகிற கடை எது என்று பார்த்தால் போதும். அங்கே கேமரா வராது.

அன்று எனக்கு வந்த தட்டில் சோறு, மிசோ சூப், உப்புத் தடவிச் சுட்ட கானாங்கெளுத்தி, முள்ளங்கி ஊறுகாய். அவ்வளவுதான். ஏழாயிரம் ரூபாய்க்கு மீன் சோறு தின்னவா ஏழு கடல் தாண்டி வந்தோம் என்று என் மனைவி கேட்டாள். எல்லோருக்குமாகச் சேர்த்துத்தான் ஏழாயிரம் என்று மகன் திருத்தினான். அதற்கு அவள் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

இன்னொரு நாள் போன கடையில் மெனுவே ஒரு புத்தகம். சுஷியும் இருக்கிறது, தாய்லாந்து நூடுல்ஸும் இருக்கிறது, கொரியன் மாட்டிறைச்சியும் இருக்கிறது. மீனை வெட்டிக்கொண்டிருந்த பையன் மகனைப் பார்த்ததும் இந்தியில் பேச ஆரம்பித்தான். பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டு, நேபாள முகாமில் பிறந்து, ஒஹையோவுக்கு வந்து சேர்ந்த குடும்பம். அந்த ஊரில் அப்படி வந்த நேபாளி பேசும் ஜனங்கள் ஏராளம். அவன் கையில் கத்தி போன வேகத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பான் பக்கம் போயிருக்கிறாயா என்று கேட்டேன். "நீங்கள் மெக்சிகோ போயிருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டான். முந்தின நாள் நாங்கள் பரிட்டோ தின்றதை மகன் சொல்லியிருக்கிறான்.

இந்தக் கலப்படம் பொறுக்காமல் ஜப்பான் சர்க்காரே ஒருமுறை கிளம்பியது. 2006-ல் விவசாய மந்திரியாக இருந்த தோஷிகாத்சு மாத்சுவோகா, அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். சுஷியையும் கொரியன் இறைச்சியையும் ஒரே மெனுவில் பார்த்துவிட்டு வந்து, வெளிநாட்டிலுள்ள ஜப்பான் கடைகளையெல்லாம் சோதித்து அசலுக்குச் சான்று கொடுக்கப்போகிறோம் என்று திட்டம் போட்டார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்குச் 'சுஷி போலீஸ்' என்று பெயர் வைத்தன. சிரித்துச் சிரித்தே திட்டத்தை நீர்க்க வைத்துவிட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து அதே அமைச்சகம், கனடாவின் வான்கூவரில் கடை வைத்திருக்கிற ஹிதேகாசு தோஜோவை ஜப்பானியச் சமையலின் நல்லெண்ணத் தூதர் என்று கௌரவித்தது. அவர் யார் தெரியுமா? சோற்றை வெளியே வைத்து, பாசியை உள்ளே மறைத்து, வெண்ணெய்ப் பழத்தைச் சேர்த்துச் சுருட்டுகிற கலிபோர்னியா ரோல் தன் கண்டுபிடிப்பு என்று சொல்கிறவர். லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அது எங்கள் ஊர்க் கடைதான் என்று அவர்களுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. போலியிலும் ஒரிஜினல் சண்டை உண்டு என்று தெரிந்தபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது.

போலீஸ் வேலையை மந்திரிக்குப் பதில், ஊரைவிட்டுப் போனவர்களிடம் கொடுத்திருந்தால் நடந்திருக்கும். அவர்களைப்போலக் கறாரானவர்கள் கிடையாது. என் மகனையே பாருங்கள். இங்கே இருந்தவரை அவன் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பரோட்டாக் கட்சி. கொலம்பஸ் போனபிறகு தீபாவளிக்குத் தமிழ் நண்பர்கள் கூடினால் 'சங்கரன்கோவில் பிரியாணி' என்று இவன் அண்டாவை வைக்கிறான். திண்டுக்கல்காரர் ஒருவர் மிளகைக் கூட்டச் சொல்கிறாராம், ஆம்பூர்க்காரர் மிளகாய் விழுது கேட்கிறாராம், அண்டாவைச் சுற்றி எல்லை காக்கிற வேலையாம். சென்னையிலும் அப்படித்தான். பொதிகையில் பொட்டலம் கட்டிக்கொண்டு போய், மறுநாள் காலையில் சூடு பண்ணித் தின்றுவிட்டு, அடுத்த தெருவில் 'சங்கரன்கோவில் பிரியாணி' என்று பலகை மாட்டிய கடையைப் பற்றி ஒரு மணி நேரம் வசைபாடுகிற உறவினர்கள் எனக்கு உண்டு. ஊரில் இருக்கிற மாஸ்டரோ போன வருஷம் அரிசியை மாற்றினார், இந்த வருஷம் நெய்யைக் குறைத்தார், யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை. அவருக்கு நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

இதையெல்லாம் போன ஆடித்தபசுக்கு அக்கா வீட்டில் வைத்து மறுபடி அலசினோம். அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறான். தபசுக் காட்சி பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஜப்பானிய அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நல்ல மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. வழியெல்லாம் மருமகன் எங்கள் ஊர்ப் பிரியாணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். எந்தக் கடைக்குக் கூட்டிப் போவது என்பதுதான் பிரச்சினை.

மருமகன் பெயர் பெற்ற கடைதான் என்றான். அத்தான், "அங்க இப்ப வெளியூர்க்காரந்தான் திங்கான். நம்ம ஆளு திங்கத கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்று பலகையில்லாத ஒரு சந்துக் கடையைச் சொன்னார். கொலம்பஸிலிருந்து என் மகன், விடிகாலை நேரத்தில், வீடியோவில் வந்து இரண்டையும் மறுத்தான். நான் குடல் குழம்பு இலக்கணத்தை எடுத்துவிட்டேன். மருமகன் பதறி, "மாமா, அவரு என் மேலதிகாரி மாமா" என்றான். ஜப்பானியர் எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். "கொடி ஏறியாச்சு. தபசு முடியுத வரைக்கும் இந்த வீட்டுல கவுச்சி கிடையாது. எந்தக் கடையில தின்னுட்டு வந்தாலும் இந்த நடை ஏற விடமாட்டேன். வந்தவருக்கு இலையைப் போடு."

சோறு, சாம்பார், அவியல், அப்பளம், தயிர். மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவியலை மரியாதைக்குச் சாப்பிட்டார். தயிர்ச் சோற்றுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் வைத்ததும் முகம் மாறிவிட்டது. அதைத் தொட்டு ஒரு வாய், மறுபடி தொட்டு ஒரு வாய். சோறு வாங்கினார், ஊறுகாய் வாங்கினார், தயிரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றிலேயே வைத்துச் சாப்பிட்டார். இதற்கு எலுமிச்சை எங்கேயிருந்து என்று கேட்டார். பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டே இருக்கிறது, வண்டி வண்டியாகக் கேரளத்துக்குப் போகிறது என்று அத்தான் பெருமையாக விளக்க, மருமகன் ஆங்கிலத்தில் சொன்னான்.

ஜப்பானியர் கொஞ்சம் யோசித்து இன்னொன்று கேட்டார். மருமகன் அதைத் தமிழில் சொன்னான்: "அம்மா, இது நீங்களே வீட்டுல போட்டதான்னு கேக்காரு."

"பின்னே? எங்க அம்மை சொல்லிக்குடுத்த பக்குவம்னு சொல்லுலே" என்றாள் அக்கா.

காலையில்தான் டப்பாவிலிருந்து பீங்கான் ஜாடிக்கு மாற்றியிருந்தாள். லேபிளோடு காலி டப்பா இன்னும் தொட்டியில் கிடந்தது. மருமகன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "ஹோம் மேட் சார், கிராண்ட்மதர்ஸ் ரெசிபி" என்றான். ஊருக்குக் கிளம்பும்போது அவருக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கட்டிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நான்தான் போய் வாங்கிவந்தேன். ஒட்டியிருந்த காகிதம் வெந்நீர் விட்டுத் தேய்த்ததும் வந்துவிட்டது.